கத்தூசோ பலெர்மோவுக்கு வந்த வருசம்

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது, இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பார்க்கிற அதே வேலைதான், வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்வது. காலையில் முகம் கழுவிவிட்டு, மருந்து கொடுத்து, கோப்பி போட்டுக் கொடுத்தால் பிறகு நாள் முழுக்க அவருக்கு உதைபந்தாட்டம்தான். இத்தாலியன் படிக்க வகுப்புக்குப் போக நேரம் ஏது, அவர் டிவியைப் பார்த்துத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே படித்தேன். அதனால் நல்ல வார்த்தைகள் கொஞ்சம் பிந்தித்தான் வந்தன.

அது 2013. இத்தாலியின் முதல்தர லீக்கான சீரி ஆவிலிருந்து கீழே விழுந்த பலெர்மோ அணியைத் தூக்கிவிட ஜென்னாரோ கத்தூசோவைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். மிலானுக்காக நடுக்களத்தில் நாய் மாதிரி ஓடி ஓடிப் பந்தைப் பறித்தவர், 2006 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். எனக்கு ஒரே சந்தோசம். ஐயாவுக்கோ ஆளைக் கண்ணில் காட்டக் கூடாது, "கலாப்ரியாக்காரன்" என்று ஒரு முறைப்பு, கடலுக்கு அந்தப் பக்கத்து மாகாணத்து ஆள் என்று.

எனக்குப் பிடித்தது அவர் வென்ற கோப்பைகள் இல்லை. கடலோர ஊர்ப் பையன், சின்ன வயதிலேயே வீட்டை விட்டு பெருஜியா போய், 1997இல் பத்தொன்பது வயதில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்குப் போயிருக்கிறார். பாஷை தெரியாது, குளிர் வேறு. அங்கே உணவகம் நடத்திய இத்தாலியக் குடும்பத்துப் பெண்ணைத்தான் பிறகு கல்யாணம் செய்தார். எங்கே போனாலும் நம்ம சாப்பாடு கிடைக்கிற இடத்தை முதலில் தேடுகிற ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, பலெர்மோவில் என்ன நடந்தது? ஆறே ஆட்டம். செப்டம்பர் 25ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அணியின் அப்போதைய முதலாளி சம்பரீனி பயிற்சியாளர்களை மாற்றுவதில் பேர்போனவர். புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பிடிபடவே ஒரு மாதம் ஆகும், அவருக்கு அவ்வளவுதான் கொடுத்தார்கள். பிறகு வந்த யாக்கினி, ஒரு காலத்தில் பலெர்மோ நடுக்களத்திலேயே ஆடியவர், 86 புள்ளிகளோடு அணியை மேலே ஏற்றிவிட்டார். ஐயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்த வருசம் கத்தூசோ கிரேக்கத்தில், கிரீட் தீவின் ஓஃபி அணியில். ஒரு தோல்விக்குப் பிறகு செய்தியாளர்கள் முன்னால் மேசையில் அடித்து, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கத்தித் தீர்த்தார். அந்த வீடியோவை உலகமே போட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளப் பாக்கி கேட்கப் போன இடத்தில், தமிழில் என்றால் பந்தி பந்தியாகக் கொட்டியிருப்பேன், வாயில் வந்ததோ நாலு சொல், அதுவும் முன்பின்னாக. கோபம் வந்தால் உள்ள பாஷையும் ஓடிவிடும்.

அப்புறம் பீசாவை இரண்டாம் தர லீக்கான சீரி பிக்கு ஏற்றினார், மிலான், நாப்போலி, வலென்சியா, மார்செய், ஸ்ப்ளிட் என்று பெட்டியும் கையுமாகத் திரிந்தார். பயிற்சியாளராக எடுத்த பெரிய கோப்பை 2020இல் நாப்போலியோடு வென்ற இத்தாலியக் கோப்பை, அதாவது கோப்பா இத்தாலியா ஒன்றுதான். 2025 ஜூனில் தேசிய அணியையே கையில் கொடுத்தார்கள்.

2019இல் மிலானை விட்டுப் போகும்போது ஒப்பந்தத்தில் மீதியிருந்த இரண்டு வருசச் சம்பளத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார், கூட வேலை செய்தவர்களுக்குக் காசு கிடைக்கட்டும் என்று. இதை ஐயாவிடம் பெரிதாகச் சொன்னேன். "அவனிடம் இருக்கிறது, கொடுக்கிறான்" என்றார். அந்த ஆறு ஆட்டத்தை மட்டும் மனிதர் மன்னிக்கவே இல்லை.