அவள் மன்னித்தாள் என்று நான் எழுதிவிட்டேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால், கதைக்கு வெளியே பேசிக்கொள்ளும் இடத்தில் எனக்கு ஒரே ஒரு வரி வந்திருந்தது. ((நேத்து நீங்க எழுதினதுல இளவெயினி மன்னிச்சிட்டாளே, அவ மன்னிப்பான்னு நான் எங்கயும் சொல்லலையே.)) இரட்டை அடைப்புக்குறிக்குள் இருந்தால் பேசுவது பாத்திரம் இல்லை, அதை எழுதுகிறவர் என்று அர்த்தம். அந்தக் குறியைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நாங்கள் ஏழு பேர் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருக்கிறோம், ஆளுக்கொரு பாத்திரம், முறை வைத்து எழுதுவது. ரோல்பிளே என்றதும் வேஷம் கட்டி நடிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள், எங்களுடையது முழுக்க எழுத்து. என் பாத்திரம் மாறன், ஓடக்காரன். கதையின் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தில் இளவெயினியின் தம்பியைக் கரையிலேயே விட்டுவிட்டு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போனவன். அந்தக் குற்றத்தோடு அவனை மாதக்கணக்கில் அலையவிட்டு நேற்றுதான் அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அறுநூறு சொல் இருக்கும். நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் தூங்கப் போனேன். அதன் கடைசிப் பத்தி இப்படி: "அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். கண்ணில் இருந்த கோபம் மெல்லக் கரைந்தது. 'போகட்டும், எழுந்திரு' என்றாள்."

மூன்று வாக்கியம். மூன்றையும் எழுத வேண்டியவர் இளவெயினியை எழுதுகிறவர், காலையில் அந்த வரியை அனுப்பியவர்.

மார்ச் 4, புதன்

இதற்குப் பெயர் பவர்பிளேயிங், அதாவது அடுத்தவருடைய பாத்திரத்தை நாமே நடத்திவிடுவது. காட்மாடிங் என்று சொல்வது இதற்கு நெருங்கிய உறவு: நம் பாத்திரத்தின் மேல் எந்த அடியும் படாது, எந்த விஷமும் ஏறாது, எந்தப் பூட்டும் நிற்காது என்று எழுதிக்கொண்டே போவது. இரண்டையும் புதியவர்களுக்கு விளக்குகிற வேலை எங்கள் குழுவில் என்னுடையது, அதனால் நேற்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விளக்கும்போது நான் எப்போதும் சண்டைக் காட்சியைத்தான் எடுப்பேன். தமிழில் இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். "வெட்டிவிட்டான்" என்று எழுதினால் கதவைச் சாத்தியாயிற்று, எதிரே இருப்பவருக்கு விழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. "வெட்டப் பார்த்தான்" என்றால் கதவு திறந்தே இருக்கிறது, அவர் விலகலாம், தடுக்கலாம், வேண்டுமென்றே வெட்டை வாங்கிக்கொண்டு கதையை வேறு பக்கம் திருப்பலாம். "ஓங்கினான்", "பாய்ந்தான்", "குறிவைத்தான்" எல்லாம் இந்தப் பக்கம். அடுத்தவர் மேல் போய் முடிகிற வினையில் "விட்டான்" வந்தால் ஒரு தடவை நின்று பார்க்கச் சொல்வேன். "கதவைத் திறந்துவிட்டான்" என்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, "அவள் கையைப் பிடித்துவிட்டான்" என்பதில் இருக்கிறது.

ஆனால் வாளை வைத்தே விளக்கி விளக்கி, மனசுக்கும் இதே விதிதான் என்பதை நானே மறந்திருக்கிறேன். அடி விழுந்ததாக எழுதினால் உடனே யாராவது கத்துவார்கள். கோபம் கரைந்ததாக எழுதினால் அழகாக இருக்கிறது என்று கடந்து போய்விடுவார்கள், அந்தப் பாத்திரத்தை ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமக்கிற ஒருவரைத் தவிர. வெட்டை விட இது பெரிய எல்லை மீறல் என்றே எனக்குத் தோன்றுகிறது. இளவெயினிக்குக் காயம் பட்டதாக எழுதியிருந்தால் அவரால் அதை ஆற்றிக்கொள்ள முடியும். மன்னித்ததாக எழுதியபோது, அவள் யார் என்பதையே நான் முடிவு செய்துவிட்டேன்.

நான் எழுதியிருக்க வேண்டியது: "அவள் கண்ணில் கோபம் குறைந்ததுபோல் மாறனுக்குப் பட்டது." அது மாறன் கண்ணில் பட்டது, தப்பாகவும் இருக்கலாம், அவர் அடுத்த பதிவில் அதை ஒரே வரியில் உடைத்துப் போடலாம். இதிலும் ஒரு ஆபத்து உண்டு, வரிக்கு வரி "போல் பட்டது" என்று எழுதினால் அதுவும் அவரை ஒரு பக்கமாகத் தள்ளுவதுதான். ஒரு பதிவுக்கு ஒன்று போதும்.

மார்ச் 5, வியாழன்

மன்னிப்புக் கேட்க நேற்றிரவு உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒன்பது வரி வந்தது, அதில் இரண்டு இடத்தில் "ஆனால்". காட்சியின் வேகத்தில் வந்துவிட்டது, அவளும் அந்தப் பக்கமாகத்தான் போகிறாள் என்று நினைத்தேன், இப்படியெல்லாம். எல்லாமே உண்மைதான். ஆனாலும் அதைப் படித்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்துகிற வேலை அவர் தலையில்தான் விழும். அழித்துவிட்டு இதை அனுப்பினேன்: ((தப்பு என்னுதுதான். இளவெயினி என்ன நினைக்கிறான்னு நான் எழுதியிருக்கக் கூடாது. கடைசிப் பத்தியை எடுத்துடட்டுமா, இல்ல வேற மாதிரி மாத்தணுமா? நீங்க சொல்றபடி செய்யறேன்.)) எடுத்துவிடச் சொன்னார்.

எடுப்பது அவ்வளவு லேசாக இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் வேலனை எழுதுகிறவர் ஒரு பதிவு போட்டிருந்தார், அதில் வேலன் தூரத்திலிருந்து அந்த மன்னிப்பைப் பார்த்துக் கண்கலங்குகிறான். என் பத்தி போனால் அவர் பதிவில் பாதி போகிறது. அவரையும் தனியாகக் கேட்டேன், பெருந்தன்மையாகச் சரி என்றார், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து திருப்பி எழுதினார். என் மூன்று வாக்கியத்துக்கு இரண்டு பேருடைய நேரம் போயிருக்கிறது. எழுதி முடித்த காட்சியை இப்படிப் பின்னால் போய்த் திருத்துவதை எங்கள் குழுவில் அபூர்வமாகத்தான் செய்வோம், அதுவும் அதற்குப் பிறகு எழுதிய எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும். சத்தமில்லாமல் போய் மாற்றிவிட்டு வருவது தப்பு, படித்தவர்களுக்குத் தங்கள் நினைவின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

அடுத்தவர் பாத்திரத்தை நாம் எழுதக் கூடாது என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 1978இல் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற விளையாட்டுதான் பல பேர் ஒரே நேரத்தில் எழுத்திலேயே உலாவிய கற்பனை உலகங்களுக்கு முன்னோடி. அதன் வழியில் 1989இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட்டில் போஸ் என்று ஒரு கட்டளை உண்டு. முக்காற்புள்ளி போட்டு நீங்கள் எதைத் தட்டினாலும், முன்னால் உங்கள் பெயரைச் சேர்த்துத்தான் அது மற்றவர்களுக்குக் காட்டும். நீங்கள் "துடுப்பை எடுத்தான்" என்று தட்டினால் அங்கே "மாறன் துடுப்பை எடுத்தான்" என்று விழும். எழுவாய் எப்போதும் நீங்கள்தான். அதற்கப்புறமும் வாக்கியத்தை நீட்டி அடுத்தவரைக் கீழே தள்ளலாம்தான், ஆனாலும் தொடக்கத்திலேயே உன் பெயரை எழுது என்று இயந்திரமே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. நம்மிடம் இது இயந்திரத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே இருக்கிறது. அகப்பாடல்களுக்குக் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று குறித்திருப்பார்கள் இல்லையா. பெரும்பாலும் ஒரு பாட்டில் ஒருவர்தான் பேசுவார். குருகு ஒன்றைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் தவிக்கிற தலைவிக்கு, அவன் சொன்ன சொல்லைக் காப்பானா மாட்டானா என்று தெரியாது. எழுதின புலவர் நினைத்திருந்தால் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அது அவள் கூற்று, அவளுக்குத் தெரியாததற்கு அந்தப் பாட்டில் இடம் இல்லை. இனிமேல் புதியவர்களுக்கு இப்படித்தான் சொல்லப்போகிறேன்: உங்கள் பதிவு உங்கள் பாத்திரத்தின் கூற்று.

மார்ச் 11, புதன்

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், மருத்துவச்சி பாத்திரம். ஆர்வமாக எழுதுகிறார். வந்த மூன்றாவது பதிவிலேயே மருத்துவச்சி மாறனைப் பார்த்து "நீதானே அந்தப் பிள்ளையை வெள்ளத்தில் விட்டவன்" என்று கேட்டுவிட்டாள். எழுதியவருக்கு அது தெரியும், பழைய பதிவுகளை எல்லாம் படித்திருக்கிறார். மருத்துவச்சிக்குத் தெரிய வழியே இல்லை, வெள்ளம் வடிந்த பிறகு ஊருக்கு வந்தவள் அவள். இதை மெட்டாகேமிங் என்போம், எழுதுகிறவர் அறிந்ததைப் பாத்திரத்தின் வாயில் போடுவது.

எல்லோரும் பார்க்கிற இடத்தில் சொல்லாமல் தனியாக எழுதினேன். பொதுவில் திருத்தினால், நாலு பேர் சேர்ந்து அதையே நாலு விதமாகச் சொல்லி, வந்தவரைக் குனியவைத்துவிடுவார்கள். ((மருத்துவச்சிக்கு இது யார் சொல்லித் தெரிஞ்சுது? வேலன் ஒருநாள் காய்ச்சல்ல உளறினதா வெச்சுக்கலாமா, அவரைக் கேட்டுப் பார்க்கவா?)) அவருக்கும் மகிழ்ச்சி, வேலனை எழுதுகிறவருக்கு இன்னும் மகிழ்ச்சி, காய்ச்சல் காட்சி ஒன்று கிடைத்துவிட்டது.

அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் நான்கு பத்தி எழுதினால் அவர் பதில் ஒரு வரி. "அவள் தலையாட்டினாள்." வேலைப்பளு இருக்கும், எல்லோராலும் நீளமாக எழுத முடியாது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் தலையாட்டியதை வைத்துக்கொண்டு நான் அடுத்து என்ன எழுதுவது? "அவள் தலையாட்டினாள், கை மட்டும் மூட்டையின் முடிச்சை விடவில்லை" என்றால் அதுவும் ஒரே வரிதான், ஆனால் அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று மாறன் கேட்கலாம். எதிரே இருப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு நுனி வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

இளவெயினியின் பதில் வந்தது. மன்னிக்கவில்லை. மாறன் மண்டியிட்டிருக்க, அவள் நேராகக் கரைக்குப் போய் அவன் ஓடத்தின் கட்டை அவிழ்த்து ஆற்றோடு விட்டுவிடுகிறாள், ஒரு சொல் பேசாமல். நான் எழுதியதைவிடப் பத்து மடங்கு நல்ல காட்சி. அது மாறனுடைய ஓடம்தான், கேட்காமல் அவிழ்த்தால் அதுவும் மீறல்தானே என்று யாரும் கேட்க வேண்டாம், முன்கூட்டியே என்னிடம் கேட்டார், சரி என்று சொல்லியிருந்தேன்.

சரி என்று சொல்லியும் படித்தபோது எனக்கு வலித்தது. மாறனுக்கு வலித்தது வேறு, எனக்கே வலித்தது. என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாரோ, அதைத்தான் அவள் வழியாகச் சொல்கிறாரோ என்று மத்தியானம் வரை அதுவே ஓடியது. பாத்திரத்தின் உணர்ச்சி எழுதுகிறவருக்குள் கசிவதும், எழுதுகிறவருடையது பாத்திரத்துக்குள் கசிவதும் இந்த விளையாட்டில் நடக்கிறதுதான். எமிலி கேர் பாஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல் இதற்கு பிளீட் என்று பெயர் வைத்தார், நான் கசிவு என்றே சொல்கிறேன். கசிவது தப்பில்லை, கசிகிறது என்று தெரியாமல் பதில் எழுதுவதுதான் கெடுதல். அந்த மத்தியானம் எழுதியிருந்தால் மாறன் அவளைக் கேவலமாகப் பேசியிருப்பான், காரணம் கதையில் எங்கேயும் இருந்திருக்காது.

கேட்டுவிட்டேன். ((காட்சி அபாரம். நாம ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கோம்?)) ((ஐயோ, நல்லா இருக்கோம். அவதான் கோவமா இருக்கா, நான் இல்ல. நீங்க அன்னிக்குக் கேட்டதோட எனக்கு முடிஞ்சு போச்சு.)) அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இதோடு சேர்த்து எங்கள் கோடுகளையும் திரைகளையும் இன்று திரும்பப் படித்தேன். 2003இல் ரான் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு: கோடு என்றால் அந்த விஷயம் கதையில் வரவே கூடாது, திரை என்றால் நடக்கலாம், ஆனால் காட்சியாக விரிக்காமல் மறைத்துவிட வேண்டும். எங்கள் பட்டியலில் குழந்தை மூழ்குவது திரை. இளவெயினியின் தம்பி என்ன ஆனான் என்பதை இத்தனை மாதத்தில் யாரும் விவரித்ததில்லை, காலியான கரையைத்தான் எழுதியிருக்கிறோம். அந்தத் திரையைக் கேட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் இதே வழிதான், அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், காட்சி மாறும். நாங்கள் எழுத்தில் ஒரு எக்ஸ் மட்டும் போடுகிறோம். இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டு தடவையும் உடனே நிறுத்தினோம்.

மார்ச் 20, வெள்ளி

காவல்காரனை எழுதுகிறவர் மூன்று வாரமாக வரவில்லை. காவல்காரன் கோட்டை மதிலில் ஒரு காலை எடுத்துவைத்தபடி அப்படியே நிற்கிறான், அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் அவனைக் கொன்றுவிடலாம் என்றார். கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். வராதவருடைய பாத்திரத்தை நகர்த்தலாம், காயப்படுத்தக் கூடாது. கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், இறங்கிப் போனான் என்று எழுதிவிட்டு, அவருக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி அனுப்பினோம், கதையைப் பற்றி எதுவும் கேட்காமல். சாயங்காலம் பதில் வந்தது, வீட்டில் உடம்பு சரியில்லையாம். காவல்காரன் கீழேதான் இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் ஏறலாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஓடம் போன பிறகு மாறன் என்ன செய்வான் என்று எட்டு நாள் யோசித்தேன். நீந்திப் போய்ப் பிடிப்பான் என்று ஒரு தடவை எழுதினேன், அழித்தேன். அவள் அவிழ்த்ததை உடனே அவன் கட்டிவிட்டால் அவர் எழுதியதற்கு மதிப்பே இல்லாமல் போகிறது, அடுத்தவர் செய்ததைச் செல்லாததாக்குவதும் ஒரு வகைப் பவர்பிளேயிங்தான் என்று எனக்குப் படுகிறது. ஓடம் போகட்டும். கையில் துடுப்பு மட்டும் இருக்கிறது.

இன்று இரவு போட்ட பதிவு இருநூறு சொல் கூட இல்லை. மாறன் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை. கடைசி வரி: "துடுப்பை அவள் பக்கமாக நீட்டினான்." அவள் வாங்குகிறாளா, உடைக்கிறாளா, திரும்பி நடக்கிறாளா, தெரியாது. வாங்கினாள் என்று எழுத விரல் துடித்தது உண்மை.

பதினொன்றரை மணிக்கு அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் காட்டியது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, இப்போது மறுபடியும் காட்டுகிறது.