நவஹோ நிலத்தின் பாறைகளில் ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு

அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நவஹோ பழங்குடி மக்களின் நிலத்துப் பாறைகளில் ஏறலாமா என்று புறப்படும் முன்பு என்னிடம் கேட்ட நண்பர்கள் அனைவருக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏறக்கூடாது. ஷிப்ராக், ஸ்பைடர் ராக், டோட்டம் போல் என்று பாறை ஏறுபவர்கள் ஆண்டுக்கணக்கில் கனவு காணும் பெயர்கள் எல்லாம் நவஹோ அரசின் எல்லைக்குள் இருக்கின்றன. அந்த அரசு அவற்றில் ஏறுவதைத் தடை செய்திருக்கிறது. வழி, தங்குமிடம், செலவு ஆகியவற்றை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் ஊர் திரும்பிய பின்னும் அடங்காத எரிச்சல் ஒன்று இருக்கிறது. அதை முதலில் இறக்கி வைக்க வேண்டும்.

யூட்டாவின் வேலி ஆஃப் த காட்ஸ் பகுதியில் எங்களுக்கு அடுத்துக் கூடாரம் போட்டிருந்த சிலர், மானுமெண்ட் வேலியில் இருக்கும் டோட்டம் போல் தூணில் இருட்டோடு ஏறப் போவதாக வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தடை இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் பேசியதாகவும், அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றும், அதுவே அனுமதிதான் என்றும் பதில் வந்தது. இந்த வாதத்தை நான் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். இது அப்பட்டமான ஏமாற்று. நவஹோ நிலத்தின் பெரும்பகுதி அந்த மக்களுக்காக மத்திய அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் பொது நிலம், தனியார் சொத்து அல்ல. ஒரு குடும்பத்துக்கு மேய்ச்சல் உரிமையோ வீட்டுமனைக் குத்தகையோ இருக்கலாம், அவ்வளவுதான். தன் ஆடுகளை எங்கே மேய்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை உடையவர், தன் அரசு விதித்த தடையை அந்நியருக்காக நீக்கிவிட முடியாது. மாட்டிக்கொண்டால் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்வீர்கள். நீங்கள் போன பிறகு அக்கம்பக்கத்துக் கேள்விகளுக்கு அந்தப் பெரியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். இணையத்தில் பார்த்த வாடகைக்கும் முகப்பில் நின்றபோது கேட்ட தொகைக்கும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். நாங்கள் கேட்காத காப்பீட்டைச் சேர்த்துவிட்டு, அதை நீக்கச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் கட்டாயம் படியுங்கள், ஏனெனில் தார் போடாத சாலையில் இந்த வண்டியை ஓட்டக்கூடாது என்ற வரி எங்கள் பயணத்தின் பாதித் திட்டத்தை மாற்றியது.

ஷிப்ராக்கை முதலில் பார்ப்பது நெடுந்தொலைவிலிருந்துதான். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 1,580 அடி உயரத்துக்குக் கருமையாக எழும் அந்தப் பாறை, பழைய எரிமலை ஒன்றின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு. சுற்றியிருந்த மென்மையான மண் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, உள்ளிருந்தது மட்டும் நிற்கிறது. அதிலிருந்து மதில்சுவர் போல நீண்டு ஓடும் கல்வரிசைகளில் ஒன்றை ரெட் வேலி சாலை குறுக்காக வெட்டிச் செல்கிறது. தார்ச்சாலையின் ஓரத்தில் நின்றே அந்தச் சுவரைத் தெளிவாகப் பார்க்கலாம். அடிவாரம் வரை செல்லும் மண்தடங்களில் வண்டியை விடாதீர்கள்.

1939 அக்டோபரில் டேவிட் பிரோவர், பெஸ்டர் ராபின்சன், ராஃபி பெடெய்ன், ஜான் டயர் ஆகிய நால்வர் இதன் உச்சியை முதன்முதலாக எட்டினார்கள். பாறையில் துளையிட்டு விரியும் போல்ட்டுகளை இறக்கிப் பாதுகாப்புத் தேடிக்கொள்ளும் முறை அமெரிக்கப் பாறையேற்றத்தில் அடியெடுத்து வைத்ததும் அந்த ஏற்றத்தில்தான். எனவே இந்தத் துறையின் வரலாற்றைப் படிக்கும் யாரும் ஷிப்ராக்கைத் தாண்டிச் செல்ல முடியாது. அந்த ஈர்ப்பு எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் 1970-இல் அங்கே ஏறியவர்கள் விபத்தில் படுகாயம் அடைந்து, அவர்களை மீட்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நவஹோ அரசு நிபந்தனையற்ற தடையை அறிவித்தது. அது அவர்களுடைய தொல்கதைகளில் பெரும்பறவையோடு பிணைந்த புனிதப் பாறை. சாவு தொட்ட இடத்தை விட்டு விலகியிருப்பது அவர்கள் மரபு. அத்தகைய இடத்தில் அந்நியர்கள் விழுந்து சாவதையும், அவர்களைத் தூக்கி வரத் தங்கள் பிள்ளைகள் போக வேண்டியிருப்பதையும் அந்த மக்கள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தென்படவில்லை.

அங்கிருந்து அரிசோனாவின் சின்லிக்குப் போனோம். சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சின்லியை ஒட்டிய கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கு 1931-இல் தேசிய நினைவிடமாக, அதாவது மத்திய அரசு பாதுகாக்கும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. நிலம் முழுவதும் நவஹோ மக்களுடையது, மத்திய பூங்காத் துறை உடன் இருந்து பராமரிக்கிறது. விளிம்புச் சாலைகளில் ஓட்டிப் பார்க்கக் கட்டணம் கிடையாது என்பது எங்கள் பணப்பைக்குப் பெரிய ஆறுதல். பள்ளத்தாக்கின் தரையில் இன்றும் குடும்பங்கள் சோளம் பயிரிட்டு ஆடு வளர்க்கின்றன. எனவே உள்ளே இறங்க நவஹோ வழிகாட்டி வேண்டும். தென் விளிம்புச் சாலையின் கோடியில் ஸ்பைடர் ராக் நிற்கிறது. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ஒற்றைச் சிவப்புத் தூண். நவஹோ மக்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண்ணின் வீடு அதன் உச்சி என்பது அவர்கள் நம்பிக்கை. 1956-இல் டான் வில்சன், ஜெர்ரி கால்வாஸ், மார்க் பவல் ஆகியோர் ஏறியதற்குப் பின் இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேர் விளிம்பில் நின்று அதன் விரிசல்களைக் கண்ணாலேயே ஏறியிருப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன், வெகுநேரம் செய்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது வட விளிம்புச் சாலையில், ஆண்டிலோப் ஹவுஸ் காட்சிமுனையிலிருந்து தெரியும் நவஹோ கோட்டைப் பாறை. 1864 சனவரியில், நவஹோ மக்களை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்ற வந்த அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படை இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது, சுமார் 300 நவஹோ மக்கள் அந்தப் பாறையின் மேல் ஏறி ஒளிந்திருந்தார்கள். மரத்தண்டுகளை ஏணியாகச் சாய்த்து, பாறையில் கொத்திய குழிகளில் கையையும் காலையும் பொருத்தி, குழந்தைகளோடும் கிழவர்களோடும் ஏறியிருக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்தபோது இரவில் பாறை இடுக்குகளில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நின்று, யுக்கா நாரில் திரித்த கயிற்றில் குடங்களை இறக்கி, உறங்கும் படைவீரர்களுக்குப் பக்கத்திலேயே ஓடையில் மொண்டு மேலே ஏற்றியதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வீர சாகசம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஏற்றங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் 300 மைலுக்கு மேல் நடத்திச் செல்லப்பட்டு, நியூ மெக்சிகோவின் கிழக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1868 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து மீட்டுக்கொண்ட நிலம்தான் வளர்ந்து இன்று 27,000 சதுர மைலாக இருக்கிறது. இந்த நிலத்தில் யார் எங்கே கால் வைக்கலாம் என்று சொல்ல அவர்களை விட உரிமை உடையவர் எவரும் இல்லை.

மானுமெண்ட் வேலி நவஹோ அரசின் சொந்தப் பூங்கா, 1958-இல் தொடங்கப்பட்டது. நாங்கள் சென்றபோது நுழைவுக் கட்டணம் தலைக்கு 8 டாலர். மத்திய அரசுப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை இங்கே செல்லாது. உள்ளே 17 மைல் மண்சாலை. எங்கள் வண்டியின் ஒப்பந்தம் அதைத் தடுத்ததால், தலைக்கு 90 டாலர் கொடுத்து ஒரு நவஹோ ஓட்டுநரின் திறந்த வண்டியில் போனோம். அந்தத் தொகையைக் கேட்டதும் வயிற்றில் புளி கரைத்தது உண்மை. ஆனால் பொதுச் சாலையிலிருந்து விலகி வழிகாட்டியோடு மட்டுமே போகக்கூடிய இடங்களுக்கு அழைத்துச் சென்று, மாலை வெளிச்சம் மணற்குன்றுகளில் சாயும் வரை அவர் அவசரப்படுத்தவில்லை. எதையும் விரலால் சுட்டாமல், உதடுகளைக் குவித்து மோவாயை லேசாக உயர்த்தியே திசை காட்டினார். சடங்கில் ஆடும் முகமூடி ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பது போன்ற பாறைகளையும், அவற்றுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 400 அடிக்குப் பென்சில் போல நிற்கும் டோட்டம் போலையும் அப்படித்தான் காட்டினார். 1957-இல் முதலில் ஏறப்பட்ட அந்தத் தூணைப் பற்றி நான் கேட்டபோது, தன் பாட்டியின் ஆடுகள் அதன் நிழலில்தான் படுத்திருக்கும் என்றும், கல் உருண்டு விழும் என்பதால் தாங்களே அதற்கு மிக அருகில் போவதில்லை என்றும் சொன்னார். 90 டாலரும் தகும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூங்காவுக்குப் போகும் சாலையோரக் கொட்டகையில் ஓர் அம்மாள் மாவு உருண்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டி விரித்து, நடுவில் விரலால் ஒரு துளை போட்டு, கொதிக்கும் எண்ணெயில் நழுவ விட்டார். அது பொரிந்து எழும்பி, ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகப் பழுத்தது. அதன் மேல் கரியடுப்பில் சுட்ட ஆட்டிறைச்சியையும் வாட்டிய பச்சை மிளகாயையும் வைத்து மடித்துக் கொடுத்தார். உப்பு, கொழுப்பு, புகை, காரம் எல்லாம் ஒரே வாயில். அந்தப் பயணத்தில் இதற்கு ஈடாக எதையும் நாங்கள் தின்னவில்லை. இந்தப் பொரித்த ரொட்டியே 1860களின் சிறைவாசத்தில் படை கொடுத்த கோதுமை மாவையும் கொழுப்பையும் வைத்துப் பிறந்த உணவு என்று சொல்லப்படுகிறது. பணத்தாளாகவே கொண்டு போங்கள். மது இந்த நிலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆளில்லாப் படக்கருவியைப் பறக்கவிடவும் கூடாது. கோடைக்கால நேரமாற்றத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை, நவஹோ நாடு பின்பற்றுகிறது. ஃபீனிக்ஸிலிருந்து வருபவர்கள் முன்பதிவு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு சான் வான் ஆற்றைக் கடந்து வடக்கே போக வேண்டும். ஆறுதான் அங்கே நவஹோ நிலத்தின் எல்லை. மெக்சிகன் ஹாட் ஊரைத் தாண்டியதும் வரும் வேலி ஆஃப் த காட்ஸ் மத்திய அரசின் பொது நிலம். அங்கே ஏறத் தடையில்லை, கூடாரத்துக்குக் கட்டணமில்லை, தண்ணீரும் கழிப்பறையும் இல்லை. எங்கள் வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு நண்பரின் பழைய ஜீப்பில் உள்ளே போனோம். பாறை மிகவும் உதிர்கிறது. பிடித்த பிடி கையோடு வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

யூட்டாவிலேயே இன்னும் வடக்கே இருக்கும் இண்டியன் கிரீக் வேறு உலகம். விங்கேட் மணற்பாறையில் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் ஓடும் விரிசல்கள். கையை உள்ளே நுழைத்துக் கட்டைவிரலை மடக்கினால் தசை புடைத்து இறுகிக்கொள்கிறது, பாதத்தைத் திருகினால் அதுவும் நிற்கிறது. சூப்பர் கிராக் என்ற புகழ்பெற்ற விரிசலில் 1976-இல் ஏர்ல் விக்கின்ஸ் முன்னேறிச் சென்றபோது விரிந்து பிடிக்கும் கேம் கருவிகள் கடைக்கே வரவில்லை. இன்று ஒரே அளவில் ஐந்தாறு கேம்கள் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை; ஒன்றின் விலையே 80 டாலருக்கு மேல் என்பதால் நாங்கள் மூன்று நண்பர்களிடம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறப் பட்டை சுற்றி அடையாளம் வைத்தோம். மழை பெய்தால் மணற்பாறை வலுவிழந்துவிடும். முழுவதும் காயும் வரை ஏறாதீர்கள்.

இண்டியன் கிரீக்கும் வேலி ஆஃப் த காட்ஸும் பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்துக்குள் அடங்குகின்றன. நவஹோ உள்ளிட்ட ஐந்து பழங்குடி அரசுகள் கூட்டாகக் கேட்டு 2016-இல் கிடைத்த பாதுகாப்பு அது. 2017-இல் வெட்டிச் சுருக்கப்பட்டு, 2021-இல் மீட்கப்பட்டது. தங்கள் முன்னோரின் தடங்கள் நிறைந்த அந்த நிலத்தைக் காக்கச் சொன்னவர்கள் அங்கே நம்மை ஏறவிடாமல் செய்துவிடவில்லை. அவ்வளவு விரிசல்கள் நமக்குத் திறந்து கிடக்கும்போது, வேண்டாம் என்று சொல்லப்பட்ட தூணில் இருட்டில் ஏறுபவர்களை நான் பாறை ஏறுபவர்களாகவே மதிக்கவில்லை.

செலவில் வண்டி வாடகையும் பெட்ரோலும்தான் பெரும்பங்கு. மானுமெண்ட் வேலிக்கு அருகிலுள்ள கயென்டா ஊரில் விடுதி அறைகள் மிகவும் விலை கூடியவை, ஒரே ஓர் இரவோடு நிறுத்திக்கொண்டோம். மற்ற இரவுகளுக்குக் கூடாரம். சிக்கனம் செய்வதானால் விடுதியில் செய்யுங்கள். வழிகாட்டிக் கட்டணத்திலும் சாலையோரக் கொட்டகைகளிலும் பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை கேன்யன் டி ஷேயின் தரைக்கு வழிகாட்டியோடு இறங்கிக் கோட்டைப் பாறையைக் கீழிருந்து பார்க்க வேண்டும் என்று அதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.