பச்சை எழுத்தில் இருந்த ஆச்சி

சித்தி கேட்டது ஒரே ஒரு காரியம்தான். "ஆச்சி திதிக்கு எல்லாரும் வாராங்க. நீ போன்ல பிடிச்சு வச்சிருந்தியே, அந்தப் பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவுல போட்டுக் கொண்டு வாடே."

2015 கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவு செய்தவை அவை. மொத்தம் 46 ஃபைல். நடவுப் பாட்டு, தாலாட்டு, நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு அளவு, 1992 தாமிரபரணி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதை. நடுநடுவே குக்கர் விசில். ஆச்சி 2018இல் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் கேட்க மனசு வரவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

2023இல் சித்தி கேட்ட அன்று ராத்திரி டிஸ்கைச் செருகினேன். ஃபோல்டர் திறந்தது. 46 பெயரும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குட்டி மஞ்சள் பூட்டோடு. எதைச் சொடுக்கினாலும் அனுமதி இல்லை என்று வந்தது.

முதலில் வைரஸ் என்றுதான் பயந்தேன். 2017இல் வான்னாக்ரை வந்தபோது பேப்பரில் படித்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அந்த மாதிரிப் பணம் பறிக்கும் வைரஸ்கள் ஃபைல் பெயரின் வாலை மாற்றிவிட்டு, இங்கே பணம் கட்டு என்று ஒரு கடுதாசியும் வைத்துவிட்டுப் போகும். இங்கே பெயர், தேதி, அளவு எல்லாம் அப்படியே இருந்தன. கடுதாசியும் இல்லை.

மறுநாள் டவுனில் டேட்டா ரெகவரி என்று போர்டு மாட்டிய ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பார்த்தவுடனே, "பிட்லாக்கர் சார், 48 நம்பர் சாவி இருக்கா?" என்றார். பிட்லாக்கர் என்றால் டிஸ்க் முழுவதும் பூட்டியிருக்குமே, ஃபைல் பெயரே தெரியாதே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு செக்யூரிட்டி டேபில் போய் ஓனரை மாற்றினார், எல்லா டிக்கையும் போட்டார். ஓனர் நான்தான் என்று விண்டோஸ் ஒத்துக்கொண்டது, ஆனால் திறக்கவில்லை. கடைசியில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் உடைத்துப் பார்க்கலாம், உத்தரவாதம் கிடையாது என்றார். டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கமாண்ட் ப்ராம்ப்டில் சைஃபர் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் சாய்கோடும் சி-யும் போட்டு, ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். விண்டோஸிலேயே இருக்கும் கருவிதான் அது. இந்த ஃபைலைத் திறக்க உரிமை உள்ளவர் என்று ஒரு பெயரைக் காட்டியது. என் பெயர். பக்கத்தில் என் பழைய கம்ப்யூட்டரின் பெயர். கீழே சான்றிதழின் ரேகை என்று நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான சரம். என்னைப் பூட்டி வைத்தது நானேதான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அது ஆபீசில் கழித்துக் கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7 ப்ரொபஷனல். அக்கா பையன் லீவுக்கு வந்து அதில்தான் கேம் விளையாடுவான். அவன் கை படாமல் இருக்கட்டும் என்று பேங்க் காகிதங்கள் இருந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட் போய், என்கிரிப்ட் என்று இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். ஃபோல்டர் பெயர் பச்சை நிறமாக மாறியது. அவ்வளவுதானா என்று விட்டுவிட்டேன். அதே ஃபோல்டருக்குள்தான் பிற்பாடு ஆச்சி பாட்டுகளையும் போனிலிருந்து இறக்கியிருக்கிறேன். உள்ளே விழுகிற எதுவும் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது அன்றைக்குத் தெரியாது. என் கணக்கில் நுழைந்திருக்கும்வரை எல்லாம் சாதாரணமாகத் திறக்கும் என்பதால் சந்தேகமும் வரவில்லை. இடம் போதவில்லை என்று எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகர்த்தியபோது, அதுவும் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் சொந்த முறையில் அமைத்த டிஸ்க் என்பதால், பூட்டும் கூடவே போயிருக்கிறது.

இதற்கு இஎஃப்எஸ், அதாவது என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம், என்று பெயர். விண்டோஸ் 2000இல் இருந்தே இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிச் சாவி, அந்தச் சாவிகளைப் பூட்டுவதற்கு என் கணக்கின் பொதுச்சாவி (சைஃபர் காட்டிய சான்றிதழில் இருப்பது அதுதான்), அதைத் திறக்கும் அந்தரங்கச் சாவி என் கணக்குக்குள்ளே. பூட்டு ஏஇஎஸ் 256 பிட் என்ற பலமான ரகம். கடைக்காரர் எட்டாயிரம் வாங்கியிருந்தாலும் உடைத்திருக்க முடியாது. டிஸ்கில் இருப்பது பூட்டு மட்டும்தான். சாவி 2020 ஜனவரி வரை இருந்த பழைய விண்டோஸில் இருந்தது. விண்டோஸ் 7க்கு அந்த மாதம் ஆதரவு முடிகிறது என்று சொன்னதால் அப்போது பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கை மாட்டி, விண்டோஸ் 10 ப்ரோ புதிதாகப் போட்டு வாங்கியிருந்தேன்.

அப்போது கடைக்காரப் பையன் பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கையில் கொடுத்தது நினைவிருந்தது. எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில்லை. இரண்டு நாள் தேடி, கொலு பொம்மைப் பெட்டியில் செட்டியார் பொம்மைக்கு அண்டைக் கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். வீட்டம்மா வேலை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். முதலில் யுஎஸ்பி உறையில் போட்டு மாட்டினோம். என் பழைய பயனர் ஃபோல்டரும், அதற்குள் ஆழத்தில் கிரிப்டோ என்ற ஃபோல்டரும், அதில் வாய்க்குள் நுழையாத பெயரோடு சில ஃபைல்களும் இருந்தன. சாவி அதுதான். ஆனால் அதை அப்படியே காப்பி அடித்துக் கொண்டுவந்தால் வேலை நடக்காது. அந்தச் சாவியையும் பழைய கணக்கின் பாஸ்வேர்டை வைத்துத்தான் விண்டோஸ் பூட்டியிருக்கிறது. சரி, எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்கையே லேப்டாப்பில் மாட்டி, பழைய விண்டோஸுக்குள்ளேயே போய்விடுவோம் என்று முடிவு செய்தோம். அடிப்பக்கம் மூடியைத் திறந்து மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏழெட்டு நிமிஷம் கழித்து நீலத் திரை விரிந்து பாஸ்வேர்டு கேட்டது. போட்டேன். தப்பு. இன்னொன்று போட்டேன். அதுவும் தப்பு.

"அண்ணாச்சி, கவலைப்படாதீங்க. என்கிட்ட ஒரு பென் டிரைவ் இருக்கு, அதுல பூட் பண்ணா பாஸ்வேர்டை அப்படியே அழிச்சுப்புடலாம்" என்றான் தம்பி. பையிலிருந்து எடுத்தும் விட்டான்.

இந்த இடத்தில் மட்டும் நான் அவன் கையைப் பிடித்தேன் என்றே சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை வெளியிலிருந்து அழித்தால் விண்டோஸுக்குள் நுழைய முடியும், வாஸ்தவம். ஆனால் சாவிப் பெட்டியைப் பூட்டியிருப்பது பழைய பாஸ்வேர்டு. அது இல்லாமல் உள்ளே போனால் பச்சை ஃபைல்கள் பச்சையாகவே நிற்கும், திறக்காது. முந்தின ராத்திரிதான் அதைப் படித்திருந்தேன். ஒரு நாள் முன்னால் அவனைக் கூப்பிட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

விண்டோஸ் 7இல் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தப்பாகப் போட்டால், பாஸ்வேர்டு வைத்த அன்று நாமே எழுதிய குறிப்பைக் கீழே காட்டும். ஆங்கில எழுத்தில் அப்பா வண்டி என்று இருந்தது. அப்பாவின் டிவிஎஸ் 50. வண்டியை விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் எனக்கு ஞாபகம். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்த ஆர்.சி. புக்கை எதுக்குலே கேக்க, வண்டியத்தான் வித்தாச்சே" என்றாள். வண்டியோடு புத்தகமும் போய்விட்டதாம். ஆனால் அப்பா எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கிற ஆள். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு அடியில் அது கிடைத்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். இடைவெளி விட்டு, விடாமல், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஐந்தாவது தடவை திறந்தது. சின்ன எழுத்து, இடைவெளி இல்லாமல்.

உள்ளே போனதும் பாட்டைக் கேட்க வேண்டும் என்றுதான் கை போனது. டக் டக் சத்தம் நின்றபாடில்லை. முதலில் சாவியை எடுத்துவிடுவோம் என்று மனசை அடக்கிக்கொண்டேன். ஸ்டார்ட்டில் செர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி என்று அடித்தால் சான்றிதழ்கள் இருக்கும் இடம் திறக்கும். அதில் பர்சனல், அதற்குள் சர்ட்டிஃபிகேட்ஸ். என் பெயரில் ஒன்று இருந்தது. காலாவதி 2115 என்று போட்டிருந்தது. விண்டோஸ் தானே உண்டாக்கும் இந்தச் சான்றிதழுக்கு நூறு வருஷம் ஆயுசு. டீட்டெய்ல்ஸில் இருந்த ரேகையை, நான் காகிதத்தில் எழுதி வைத்திருந்த நாற்பது எழுத்தோடு தம்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒத்துப்போனது. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது அந்தரங்கச் சாவியையும் சேர்க்கவா என்று கேட்கும். அங்கே ஆம் என்று சொல்ல வேண்டும், அதை விட்டால் கையில் வருவது சாவி இல்லாத வெறும் சான்றிதழ். புதிதாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, பிஎஃப்எக்ஸ் ஃபைலாக இரண்டு பென் டிரைவில் சேமித்தேன். சில கேபிதான். இத்தனை பாடும் அந்தச் சில கேபிக்காக.

மிஷினை அணைத்து, எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டி, விண்டோஸ் 10இல் அந்த ஃபைலை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினேன். நெக்ஸ்ட், பாஸ்வேர்டு, நெக்ஸ்ட், முடிந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகி ஆறாவது ஃபைலைத் திறந்தேன். ஏன் ஆறாவது என்று தெரியாது.

"ஓடுதாலே அது? சும்மா என்னையப் பேச வச்சுட்டு நீ போனப் பாத்துக்கிட்டிருக்காதே" என்றாள் ஆச்சி.

தம்பி சிரித்துவிட்டான். அப்புறம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

அந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் பழைய டிக்கை எடுத்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று கொடுத்தேன். பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் பூட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 46ம் தேறியது. பிஎஃப்எக்ஸை மட்டும் அழிக்கவில்லை. அந்தக் காலத்து வேறு எந்த டிஸ்கில் என்ன பச்சையாகக் கிடக்கிறதோ.

திதிக்கு முதல் நாள் சித்தியிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரி போன் வந்தது. பாட்டெல்லாம் நல்லா இருக்காம். ஆனால் நார்த்தங்காய்க்கு உப்பு எவ்வளவு என்று ஆச்சி சொல்கிற இடத்தில் சரியாகக் குக்கர் விசில் அடிக்கிறதாம். அதை எடுக்க முடியுமா என்று கேட்டாள்.