பிசிசிஐ வழக்கில் நாங்களும் ஒரு மனு போட்ட கதை

வழக்கில் இல்லாத வெளியாள் நீதிமன்றத்தில் தன் கருத்தைச் சொல்ல அமெரிக்கா எவ்வளவோ தேவலை. அங்கே ஒரு விளையாட்டு லீக் வழக்கு அப்பீலுக்குப் போனால், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத பேராசிரியர்களும் தொழிற்சங்கங்களும்கூட இரு தரப்பின் சம்மதத்தையோ நீதிமன்றத்தின் அனுமதியையோ வாங்கிக்கொண்டு 'நீதிமன்ற நண்பர்' என்று தங்கள் கருத்தைத் தாக்கல் செய்யலாம். நம் உச்ச நீதிமன்றத்தில் இந்த நண்பரை, அதாவது அமிக்கஸை, நீதிமன்றமே நியமித்துவிடும். மற்றவர்களுக்கு, நடக்கிற வழக்கில் 'எங்களையும் கேளுங்கள்' என்று போடும் இடையீட்டு மனு ஒன்றுதான் வழி. அந்த வழியில் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் குறை இதுதான். இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டியின் பரிந்துரைகளை ஏற்று 2016 ஜூலை 18 அன்று வந்த தீர்ப்பில் ரயில்வே, சர்வீசஸ் (முப்படைகளின் அணி), பல்கலைக்கழகங்கள் மூன்றும் பிசிசிஐயில் ஓட்டில்லாத இணை உறுப்பினர்கள் ஆகிவிட்டன. 'ஒரு மாநிலம், ஒரு ஓட்டு' என்ற கணக்கில் ரயில்வேக்கு எந்த மாநிலம்? 2017 உலகக் கோப்பை இறுதிவரை போன இந்தியப் பெண்கள் அணியில் 15 பேரில் 10 பேர் ரயில்வே ஊழியர்கள். இவர்களுக்குச் சோறு போட்ட நிறுவனத்துக்கு ஓட்டு கிடையாதாம். எங்களைப் போல ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, ரிட்டயர் ஆன சிலருக்கு இது பொறுக்கவில்லை. 2018 தொடக்கத்தில், பிசிசிஐயின் புதிய சட்டதிட்ட வரைவு நீதிமன்றத்தில் இருக்கும்போதே ஒரு மனு போட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஆன் ரெக்கார்டு, அதாவது அங்கே மனு தாக்கல் செய்யப் பதிவான வக்கீல், வழியாகத்தான் மனு போக முடியும். தானே ஆஜராவதற்கும் வழி உண்டு, ஆனால் அதற்குத் தனி அனுமதி, பதிவாளர் முன் ஒரு நேர்முகம் என்று இழுக்கும். தெரிந்தவர் ஒருவர் மூலம் டெல்லியில் ஒரு வக்கீல் ஆபீஸைப் பிடித்தோம். போனில் எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. "வக்காலத்தில் கையெழுத்துப் போட நேரில் வாங்க, மற்றதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். பாஸில் ரயில் ஏறிப் போய் இறங்கினால், அங்கிருந்த ஜூனியர் முதலில் கேட்டது: "சார், சங்கத் தீர்மானம் எங்கே?"

சங்கம் பெயரில் மனு போட்டால், இன்னாருக்குக் கையெழுத்திட அதிகாரம் கொடுத்தோம் என்று ஒரு தீர்மானம் வேண்டும். அதோடு சங்கப் பதிவுச் சான்றிதழ். நாங்கள் மாலையில் டீக்கடையில் கூடுகிற ஆட்கள், எங்களுக்கு ஏது பதிவு! இதைப் போனிலேயே கேட்டிருந்தால் அந்தப் பயணமே மிச்சம். ஊருக்குத் திரும்பி, கடைசியில் என் ஒருவன் பெயரில் போடுவது என்று முடிவாயிற்று. தெரிந்துகொள்ளுங்கள், தனி ஆள் பெயரில் போட்டால் காகித வேலை பாதியாகக் குறைகிறது. ஆனால் "உனக்கு இதில் என்ன அக்கறை?" என்ற கேள்விக்கு மனுவின் முதல் பத்தியிலேயே பதில் இருக்க வேண்டும். சர்வீஸ் சான்றிதழ், ஆடிய ஆட்டங்களின் விவரம் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுங்கள்.

அடுத்த தலைவலி என் இனிஷியல். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. டெல்லி டைப்பிஸ்டுக்கு அது அரைகுறைப் பெயராகத் தோன்றியிருக்கிறது. வக்காலத்தில் ஆதாரில் உள்ளபடி அடித்தவர், பிரமாணப் பத்திரத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிக் கடைசியில் ஒட்டிவிட்டார். ஒரே மனுவில் நான் இரண்டு ஆள். நோட்டரி முத்திரை விழுந்த பிறகுதான் கண்ணில் பட்டது. திரும்ப அடித்து, திரும்ப முத்திரை, அதற்குத் திரும்பக் காசு. நம்மூர்க்காரர்கள் வடக்கே எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் பெயர் வரியைப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இணைப்பாகப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் துணுக்குகள் கொடுத்திருந்தோம். தமிழ் ஆவணம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போக வேண்டும். ஜெராக்ஸ் மங்கலாக இருந்தால் அதுவும் குறையாகத் திரும்பி வரும், டைப் அடித்த பிரதி வைக்க வேண்டும். மனுவுக்கு நம்பர் விழுந்தது, கட்டணம் கட்டியது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது.

விசாரணை நாளன்று உள்ளே போக அப்போது வக்கீல் கையெழுத்துடன் பாஸ் வேண்டியிருந்தது. அதை அன்று காலைதான் வாங்க முடிந்தது என்பதால் சீக்கிரமே போய்விட்டோம். உள்ளே மாநிலச் சங்கங்களின் கறுப்பு கவுன்கள் தோளோடு தோள் உரசி நின்றன. என்ன பேசுகிறார்கள் என்று பின்னால் நின்றவனுக்குக் காதில் விழவில்லை. எங்கள் மனுவை யாரும் கூப்பிடவும் இல்லை.

உருப்படியான யோசனை அந்த ஜூனியரிடமிருந்தே வந்தது. திருநெல்வேலிப் பையன். வரைவு குறித்த யோசனைகளை அமிக்கஸ் கோபால் சுப்ரமணியத்திடம் கொடுக்கும்படி பிசிசிஐக்கும் மாநிலச் சங்கங்களுக்கும் மே 1 அன்று உத்தரவு வந்திருந்தது. "நம்மளச் சொல்லல சார். ஆனா சின்னக் குறிப்பா எழுதிக் குடுங்க, அனுப்பி வைப்போம். இந்தக் கட்டு மனுவ யாரு படிக்கப் போறா?" என்றான். இரவோடு இரவாக எழுதினோம். சட்டப் பிரிவு எதுவும் இல்லை. யார் யார் ரயில்வே சம்பளத்தில் ஆடினார்கள், ஓட்டு போனால் அந்த வேலைகளுக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான். பெரிய வழக்கில் வெளியாளாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனுவோடு நிறுத்தாமல், அமிக்கஸுக்கு ஒரு குட்டிக் குறிப்பு போய்ச் சேர வழி இருக்கிறதா என்று வக்கீலை முதல் நாளே நச்சரியுங்கள்.

ஆகஸ்ட் 9 அன்று தீபக் மிஸ்ரா, கான்வில்கர், சந்திரசூட் அமர்வின் தீர்ப்பு வந்தது. ரயில்வே, சர்வீசஸ், பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கும் முழு உறுப்பினர் அந்தஸ்து திரும்பக் கிடைத்தது. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் இருந்த மும்மூன்று சங்கங்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. எங்கள் குறிப்பால்தான் வந்தது என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடிய விஷயம். ஆனாலும் அன்று டீ என் கணக்கு.

தீர்ப்பில் ஒரு கொக்கி இருந்தது. ரயில்வேயின் ஓட்டை அதிகாரி யாரும் வந்து போட முடியாது. முன்னாள் வீரர்கள் சங்கம் தேர்ந்தெடுத்த முன்னாள் வீரர்தான் போட வேண்டும். சங்கப் பதிவுப் படிவத்தை இப்போது டீக்கடையில் ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். தலைவர் யார் என்பதில் சண்டை.

கடைசியாக ஒன்று. வக்கீல் ஆபீஸில் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். என் சர்வீஸ் சான்றிதழ் இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது, போன் போட்டால் "தேடறோம் சார்" என்கிறார்கள்.