வாசல் கீழே இறங்கிய நீதிமன்றம்

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த மறு ஆண்டே, வழக்குகளில் பொதுமக்கள் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜூரிப் பணிக்கு வருமாறு எனக்கு அஞ்சலில் அழைப்பு வந்தது. பிட்ஸ்பர்க்கில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தும், பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வழி தெரிந்த அளவுக்கு, நகரின் நடுவே கிராண்ட் தெருவில் நிற்கும் அலெகேனி கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தை நான் அறிந்திருக்கவில்லை.

சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் தட்டில் போட்டுச் சோதனை முடிந்து உள்ளே போனபோது, இத்தனை பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு தாழ்ந்த வாசலா என்று வியந்தேன். தெரு ஏறிச்சென்ற மேட்டை 1913 வாக்கில் வெட்டித் தாழ்த்திவிட்டார்களாம். அதனால் நிலவறையாக இருந்த தளம் தெருமட்டத்துக்கு வந்துவிட, உண்மையான தலைவாசல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதை எட்டுவதற்குக் கட்டிய படிகளும் பின்னர் தெருவை அகலப்படுத்தியபோது போய்விட்டன.

முந்தைய நீதிமன்றம் 1882-இல் தீக்கிரையான பின், கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வரைந்த இக்கட்டடத்தின் வேலை 1884-இல் தொடங்கி 1888-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1886-இல், 47 வயதில் இறந்துவிட்டார். மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டிலிருந்து வந்த இளஞ்சிவப்புக் கிரானைட்டை இழைக்காமல் கரடாகவே அடுக்கியிருக்கிறார்கள். முற்றத்துச் சுவரில் கை வைத்தால் உளி கொத்திய பள்ளங்கள் விரலில் தட்டுப்படுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 249 அடி உயர முன்கோபுரம்தான். எஃகு ஆலைகளின் புகை நகரை மூடியிருந்த காலத்தில், கரி படியாத காற்றை உச்சியிலிருந்து இழுத்து உள்ளே அனுப்புவதும் அதன் வேலையாக இருந்தது. கெட்ட காற்று பின்பக்கக் கோபுரங்கள் வழியே வெளியேறியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1892-இல், திறக்கப்பட்ட நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் கோபுரம் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்காகவும் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைய நீதிமன்றக் கோபுரங்கள் சும்மா நிற்கவில்லை போலும்.

பின்புறம், ராஸ் தெருவுக்கு மேலே, கைதிகள் பெருமூச்சு விட்டபடி கடந்ததாகச் சொல்லப்படும் வெனிஸ் பாலத்தைப் பார்த்துக் கட்டிய பெருமூச்சுப் பாலம், நீதிமன்றத்தைப் பழைய சிறையோடு இணைக்கிறது. 1995 வரை கைதிகள் இருந்த அந்தச் சிறையில் இப்போது குடும்ப நீதிமன்றம் நடக்கிறது. அதுவும் பெருமூச்சுக்குக் குறைவில்லாத இடம்தான்.

என்னை எந்த வழக்குக்கும் தேர்ந்தெடுக்கவில்லை. மாலை மூன்று மணிக்கு விடுவித்ததும், நிலவறை வாசல் வழியே தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, ரிச்சர்ட்சன் என்னை உள்ளே அழைக்க நினைத்த வாசலை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன்.