முந்தின நாள் மருதாணி, மறுநாள் அவுரி

எனக்கு முதலில் நரைத்தது காதோரமும் வகிட்டின் முன்பக்கமும். கடையில் வாங்கும் கருப்பு டை போட்டால் மறுநாளே காது மடலுக்குப் பின்னால் அரிப்பு, தடிப்பு. தோல் டாக்டர் பிபிடியைக் காரணம் சொன்னார். பாராஃபினைலின்டைஅமின் என்பது அதன் முழுப்பெயர். கருப்பு டைகள் பலவற்றில் நிறம் வருவது இதனால்தான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தடுத்த தடவை இன்னும் மோசமாக வரலாம். "கருப்பு மருதாணி" என்று விற்கும் பொட்டலத்திலும் பல நேரம் இதுதான் இருக்கிறது. மருதாணி இலைக்குச் செம்பட்டை நிறம் மட்டும்தான் தரத் தெரியும்; கருப்பு வருகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அதனால் மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரியும் என்று முடிவு செய்தேன். இரண்டுமே இலைதான், இரண்டுமே பச்சைப் பொடிதான், ஆனால் குணம் நேர் எதிர். மருதாணிக்குப் புளிப்பும் சூடும் நேரமும் வேண்டும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது, காத்திருக்கவும் கூடாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மார்கழி

தலையில் போடுவதற்கு முன்னால் சீப்பில் வந்த வெள்ளை முடிகளைச் சேர்த்து வைத்தேன். நூலால் கட்டி மூன்று சின்னக் கொத்துகள் செய்தேன். ஒன்றுக்கு மருதாணி மட்டும், ஒன்றுக்கு அவுரி மட்டும், மூன்றாவதற்கு முதலில் மருதாணி, அலசிக் காயவைத்து அப்புறம் அவுரி. எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்து ஜன்னலோரம் விட்டேன். மருதாணிக் கொத்து பளிச்சென்ற ஆரஞ்சு. அவுரி மட்டும் போட்டது பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறம். அதைத் தலையில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்றாவது கொத்து முதலில் பாசி படிந்த பச்சையாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் அடர்ந்த பழுப்பு, அதற்கடுத்த நாள் கருப்பு. அவசரப்பட்டு முதல் நாளே தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிட்டது.

காரணம் இதுதான். அவுரி இலையில் இண்டிகன் என்ற நிறமற்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது உடைந்து இண்டாக்சில் ஆகிறது. காற்று பட்டதும் இண்டாக்சில் நீலமாகிறது. நீலமாகிவிட்டால் தண்ணீரில் கரையாது, முடிக்குள்ளும் போகாது. எனவே கிண்ணத்தில் நீலமாவதற்கு முன்னால் தலைக்குப் போய்விட வேண்டும். முடிக்குள் போன பிறகு இரண்டு நாள் வரை மெல்ல மெல்லக் கறுக்கும்.

அரிப்புச் சோதனையும் அப்போதே செய்தேன். இரண்டு பொடியையும் தனித்தனியாகக் குழைத்து முழங்கை மடிப்பில் தடவி, கழுவி, இரண்டு நாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இலைதானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். இலைக்கும் ஒவ்வாமை உண்டு.

மருதாணி எங்கள் வீட்டு வேலியிலேயே இருக்கிறது. பறித்து நிழலில் உலர்த்தி மிக்சியில் அரைத்தேன் (மாவு மில்லில் இதையெல்லாம் போட விடமாட்டார்கள்). மல்துணியில் சலித்த பிறகும் நரம்பும் திப்பியும் தலையில் சிக்கிக்கொண்டு, அலசும்போது உயிர் போகிறது. கைக்கு வைக்க வீட்டு இலை போதும். தலைக்கு, நைசாகச் சலித்து விற்கும் ராஜஸ்தான் பொடியே மேல். அவுரிப் பொடியை பஸ் ஸ்டாண்டு பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். ஒரு ஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். மேல்பரப்பு கருநீலமாக மாறினால் சரக்கு நல்லது. கடைசிவரை பச்சையாகவே கிடந்தால் அது பழைய பொடி, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி மருதாணி கரைப்பது. தோளுக்குக் கீழே வரும் முடிக்கு 150 கிராம் பொடி எடுத்தேன். இரும்புச் சட்டியில் கொட்டி, ஆறிய டீ டிகாஷனும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்தேன். டீயின் துவர்ப்பும் சட்டியின் இரும்பும் சேர்ந்து கறுக்கும்; அதனால் ஆரஞ்சு கொஞ்சம் அடங்கிப் பழுப்புப் பக்கம் போகும். முட்டை, தயிர் எல்லாம் சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருதாணியின் லாசோன் என்ற சாயப்பொருள் முடியில் ஒட்டுவதே அதிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தில்தான். முட்டையையும் தயிரையும் ஊற்றினால் அந்தப் புரதமும் பங்குக்கு வந்து நிற்கும்.

வெயில் காலத்தில் இந்தச் சட்டியை மூன்று மணி நேரம் மூடி வைத்தாலே சாயம் இறங்கிவிடும். மார்கழியில் அப்படி நடக்காது. ஓசூரில் இருக்கும் அக்கா போனில் புலம்பினாள்: "ராத்திரி முழுக்க ஊற வெச்சேன்டி, கலரே வரலை." ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், நான் இருக்கும் தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே அந்தக் குளிரில் எப்படி இறங்கும்? சட்டியைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வை, இல்லையென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் உட்கார வை என்றேன். நேரக்கணக்கை நம்புவதைவிட உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிடத்தில் ஆரஞ்சுக் கறை விழுந்தால் சாயம் தயார்.

தலையில் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. நெற்றி ஓரத்திலும் காதிலும் மட்டும் தேங்காய் எண்ணெய். பிடிவாதமான நரை காதோரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஆரம்பித்தேன். அதற்கு மற்ற இடத்தைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும். அப்பியதும் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் பிடிப்பு நின்றுபோகும்.

"மார்கழியில தலையில இதை வெச்சுக்கிட்டு உக்காந்தா சளி புடிக்காதா பாப்பா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான பயம். கவருக்கு மேல் பழைய துண்டை இறுக்கிக் கட்டினேன். தலைக்கும் கதகதப்பு, சாயத்துக்கும் கதகதப்பு. மூன்று மணி நேரம் வைத்துவிட்டு வெறும் தண்ணீரில் அலசினேன். அன்று முழுக்க என் நரை தீப்பிடித்த நிறம். இந்த நிலையில் வெளியே போகாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

மறுநாள் அவுரி. பிளாஸ்டிக் கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். எலுமிச்சையும் டிகாஷனும் பக்கத்திலேயே வரக் கூடாது. பத்து நிமிடம் விட்டதும் பச்சைக் குழைவின் மேல் ஒரு நீலக் கருமை ஏறியது. உடனே அம்மா பின்னந்தலைக்கும் நான் முன்பக்கத்துக்குமாகக் கடகடவென்று அப்பினோம். இது மருதாணி மாதிரி ஒட்டாது, மணல் போலக் கழுத்தில் உதிரும். தரையில் பழைய பேப்பர் போடாமல் ஆரம்பிக்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் நகம் நீலமாகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் அலசினேன்.

தை

நிறம் உட்கார்ந்துவிட்டது. வெயிலில் நின்றால் மட்டும் ஓரத்தில் செம்மை தெரிகிறது. கடை டையின் மை பூசிய கருப்பைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் யாரும் டையா என்று கேட்கவில்லை.

பாக்கி இருந்தது தண்ணீர்ப் பிரச்சினை. எங்கள் மாவட்டத்து போர்த் தண்ணீரில் புளூரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமுடிக்குத் தொந்தரவு அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். அந்தப் படிவத்தின் மேல் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது, பிடித்ததும் மங்கலாகத் தெரியும். இப்போது சாயம் போடுவதற்கு முந்தின குளியலில் அரப்புதான். அரப்பு என்பது உசிலை இலைப் பொடி; அதில் நுரைப்பது சபோனின் என்ற இலையின் நுரைப்பொருள், சோப்பு இல்லை, அதனால் இந்தப் பிசுக்கு வருவதில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்கிறேன். அவுரி போட்ட இரண்டு நாளைக்கு அரப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் கிடையாது. கறுக்க விட வேண்டும்.

மாசிக்கு மேல்

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் அடியில் மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷால் போடுகிறேன். முழுத் தலைக்கும் ஒவ்வொரு தடவையும் அவுரி ஏற்றினால் நுனி நீலக் கருப்பாகிக் கண்ணை உறுத்தும். அடியில் மட்டும் போட 30, 40 கிராம் பொடியே தாராளம்.

அக்காவுக்குக் கருப்பு வேண்டாம், பழுப்புதான் வேண்டும் என்றாள். அவளுக்கு இரண்டு நாள் வேலை தேவையில்லை. சாயம் இறங்கிய மருதாணி ஒரு பங்கு, அப்போதே கரைத்த அவுரி இரண்டு பங்கு, இரண்டையும் கடைசி நேரத்தில் கலந்து ஒரே தடவையாக அப்பினால் போதும். ஓசூரில் அப்படித்தான் போட்டிருக்கிறாள், போட்டோ அனுப்பினாள், நன்றாக வந்திருக்கிறது.

பியூட்டி பார்லரில் பிறகு எப்போதாவது கெமிக்கல் கலர் போடப் போகிறவர்கள் முன்கூட்டியே மருதாணி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலிவான சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன் மேல் கெமிக்கல் கலரில் உள்ள பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொசுங்கிவிடும்.

மீந்த மருதாணியைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், அடுத்த வகிட்டு வேலைக்கு அது ஆகும். அவுரியை அப்படி வைக்க முடியாது. மீந்தது வேலி மருதாணிக்கே போய்விட்டது.