கீஸ்ரோன் பொலிஸாரும் ஓர் ஆட்டுக்கடாவும்

நமது சங்க மலரின் ஆங்கிலப் பக்கங்களில் ‘கீஸ்ரோன் கொப்ஸ்’ (Keystone Cops) என்ற சொற்றொடர் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. ஊமைப்படங்களில் வந்த பொலிஸ் கூட்டமொன்றின் பெயர் அது; அவசரப்பட்டுக் கூட்டமாகத் தடுமாறுபவர்களை அதற்கு ஒப்பிடுவது வழக்கம். பொதுக்கூட்டத்தில் நாற்காலிகள் போதாமற் போனது தொடக்கம், இராப்போசன விருந்தில் ஒலிபெருக்கி வாய் திறக்க மறுத்தது வரை எல்லாவற்றுக்கும் அதே தொடர் வழங்கப்படுவதைக் காணும்போது, மேல்வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்பித்த ஆசிரியர் இதனைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன். அவருடைய பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை. சிவப்பு மையைத் தொடாமல் கூராகச் சீவிய பென்சிலால் மட்டும் திருத்துபவர் என்றாலே, அவரிடம் படித்தவர்களுக்கு விளங்கிவிடும்.

ஒரு தொடருக்குப் பின்னால் ஒரு காட்சி இருக்குமாயின், அந்தக் காட்சியை மனக்கண்ணாற் காணாதவர் அத்தொடரைக் கையாளக் கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். ஆகவே கீஸ்ரோன் பொலிஸாரைப் பற்றி அவர் கற்பித்த நாளில் இலக்கணம் எதுவும் வரவில்லை. பாடவேளை முழுவதும் ஊமைப்படங்களின் கதையாகவே கழிந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1880 இல் பிறந்த மாக் செனற், டி. டபிள்யூ. கிரிபித் படங்களை இயக்கிக்கொண்டிருந்த பயோகிராப் நிறுவனத்தில் தொழில் பழகியவர். 1912 இல் நியூயோர்க் முதலீட்டாளர்களின் பணத்துடன் கீஸ்ரோன் படநிறுவனத்தை ஆரம்பித்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஈடன்டேல் பகுதியில் குறும் நகைச்சுவைப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தள்ளினார். அவற்றில் வந்த பொலிஸ் கூட்டமே இந்தத் தொடருக்கு உரியது. அளவுக்குப் பொருந்தாத சீருடையும் பெரிய தொப்பியும் அணிந்த அவர்கள், அழைப்பு வந்தவுடன் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வாசலால் வெளியேற முயன்று, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, ஒரே மோட்டார் வண்டியில் தொற்றிக்கொண்டு, வளைவுகளில் ஒவ்வொருவராக உதிர்ந்து, எழுந்து தூசி தட்டி, மீண்டும் தலைதெறிக்க ஓடுவார்கள். கையாற் சுழற்றும் கமெராவை வழமையிலும் மெதுவாகச் சுழற்றிப் பிடித்த காட்சியைத் திரையில் வழமையான வேகத்தில் ஓட்டினால் மனிதர் யாவரும் இயல்புக்கு மிஞ்சிய வேகத்தில் விரைவார்கள் என்பதையும் அவர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். அன்று பௌதிகம் படித்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று; எனக்கு ஓட்டமே போதுமாக இருந்தது.

1913 இல் வெளிவந்த ‘பாங்வில் பொலிஸ்’ என்ற படத்தை அவர் சிறப்பாக எடுத்துக்காட்டினார். பண்ணை வீடொன்றில் இருக்கும் பெண் (மேபல் நோர்மண்ட் நடித்தது) கள்வர் புகுந்துவிட்டார்கள் என்று அஞ்சிப் பொலிஸாருக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். அங்கே கள்வர் எவரும் இல்லை. ஆயினும் பொலிஸ் படை முழுவதும் புறப்பட்டுவிடுகின்றது. காரணம் சிறியது, முயற்சி பெரியது, பயன் பூச்சியம் என்ற இந்த விகிதத்திலேதான் நகைச்சுவை பிறக்கின்றது என்றும், ஓடுபவர்கள் சாதாரண மனிதராக இல்லாமல் ஒழுங்கை நிலைநாட்ட வேண்டிய அதிகாரிகளாக இருப்பதனாலேயே அது இரட்டிப்பாகின்றது என்றும் அவர் கூறினார். சோம்பேறிகளைப் பற்றி இத்தொடரைப் பயன்படுத்த முடியாது. கீஸ்ரோன் பொலிஸார் ஒருபோதும் சோம்பியிருந்ததில்லை. அவர்களுடைய குறை அளவுகடந்த ஊக்கமே.

தனியொருவருடைய தடுமாற்றத்துக்கும் இத்தொடர் ஆகாது. இதற்கு அவர் சார்ளி சப்ளினைத் துணைக்கு அழைத்தார். சப்ளின் திரைக்கு வந்ததே கீஸ்ரோன் நிறுவனத்தின் மூலந்தான். வாரத்துக்கு 150 டொலர் சம்பளத்தில் சேர்ந்து, 1914 ஆம் ஆண்டு முழுவதும் அங்கே நடித்து, அவ்வாண்டின் முடிவில் விலகினார். அந்த ஆண்டில் வெளிவந்த ‘ரில்லிஸ் பங்சர்ட் றொமான்ஸ்’ என்ற நீண்ட படத்தில் சப்ளினும் இருக்கிறார், அந்தப் பொலிஸ் கூட்டமும் இருக்கின்றது. சப்ளின் தடுக்கி விழுந்தால் நாம் ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பொலிஸார் விழும்போது எந்த ஒருவரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, கூட்டத்தைப் பார்த்தே சிரிக்கிறோம். அந்தக் கூட்டத்தில் யார் யார் நடித்தார்கள் என்பது படத்துக்குப் படம் மாறியது. போர்ட் ஸ்ரேர்லிங் பல படங்களில் தலைமை அதிகாரியாக வந்தபோதும், மற்றவர்களின் முகம் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. நினைவில் நிற்காமல் இருப்பதே அவர்களுக்கு அழகு.

இதே வகுப்பில் அவர் அயலிலுள்ள தொடர்களையும் பிரித்துக் காட்டினார். ‘கொமெடி ஒப் எறேர்ஸ்’ என்பது ஷேக்ஸ்பியருடைய நாடகத்தின் பெயர். உருவத்தில் ஒத்த இரட்டையர் இரண்டு சோடியினரை ஊரார் மாற்றி மாற்றி அடையாளம் கண்டுகொள்வதனால் வரும் குழப்பம் அது. ஆளையோ பொருளையோ தவறாகக் கருதியதனால் தவறு தொடர்ந்து வளரும் இடத்தில் அத்தொடர் பொருந்தும். ஓட்டமும் சாட்டமும் அதற்கு வேண்டியதில்லை. ‘சிலாப்ஸ்ரிக்’ என்பது இத்தாலிய மேடைக் கோமாளிகள் அடிக்கும்போது பெரிய ஓசை எழுப்பிய இரட்டைப் பலகைக் கருவியிலிருந்து வந்தது. உடலாற் செய்யும் நகைச்சுவை எதற்கும் அது பொதுப்பெயர். எழுத்தாளர் காப்காவின் பெயரிலிருந்து வந்த ‘காப்காயெஸ்க்’ என்பதோ நேர் எதிரானது. அங்கே யாவும் மெதுவாகவும் ஒழுங்காகவும் நடக்கும், அந்த ஒழுங்குக்குத்தான் பொருள் இராது. அலுவலகமொன்றில் ஒரே விண்ணப்பத்தை மேசைக்கு மேசை அலையவிட்டால் அதனைக் கீஸ்ரோன் என்று எழுதக் கூடாது என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன். இந்த அளவுகோலின்படி, நாற்காலி போதாமற் போனது வெறும் பற்றாக்குறை. செயற்குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் நாற்காலி எடுக்க ஓடி, உள்ளே வருபவர்களுடன் வாசலில் மோதி, இருந்த நாற்காலிகளையும் வெளியே கொண்டுசென்றிருந்தால், அப்போது நமது செயலாளர் தாராளமாக அத்தொடரை எழுதலாம்.

அவர் மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஒரு பயன்பாட்டை நான் கண்டிருக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியன்று, அஞ்சலோட்டம் தொடங்கும் தறுவாயில் ஓர் ஆட்டுக்கடா மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. அதனை அப்புறப்படுத்தும் பொறுப்பு மாணவ முதல்வர்களுக்கு உரியது. பட்டி அணிந்த அத்தனை பேரும் நான்கு திசையிலிருந்தும் பாய்ந்து, கடா நின்ற இடத்தில் ஒருவரையொருவர் பிடித்தார்கள். கடா வந்த வழியே ஆறுதலாக வெளியேறியது. கல்லூரிச் சஞ்சிகைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிய மாணவன் இதனைக் கீஸ்ரோன் பொலிஸாருக்கு ஒப்பிட்டிருந்தான். ஆசிரியர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய சரி அடையாளம் இட்டார். கூட்டம், அதிகாரம், அவசரம், தங்களுக்குத் தாங்களே இடையூறாதல் எல்லாம் அங்கே இருந்தன, கடாவுக்கும் காயமில்லை.

காயமில்லை என்பது சிறு விடயம் அன்று. ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு மாணவன், உயிர்கள் பலியான விபத்தொன்றில் மீட்புப் பணியாளர்கள் தடுமாறியதைப் பற்றிய பயிற்சிக் கட்டுரையில் இதே தொடரை எழுதியிருந்தான். தடுமாற்றம் உண்மை, கூட்டமும் அவசரமும் உண்மை. ஆசிரியர் அந்தப் பந்தி முழுவதையும் குறுக்கே ஒரு கோட்டால் அடித்து, புள்ளி இடாமலே திருப்பிக் கொடுத்தார். காரணம் கேட்டபோது, ஓடும் வண்டியிலிருந்து விழுந்த கீஸ்ரோன் பொலிஸ்காரன் அடுத்த கணம் எழுந்து ஓடுகிறான், நீ எழுதிய கட்டுரையில் விழுந்தவர்கள் எழவில்லை என்றார். அந்தப் படங்களில் நடித்தவர்களுக்கு உண்மையில் அடிபட்டே இருக்கும். திரையில் எவருக்கும் வலிப்பதில்லை என்பதே கணக்கு. உண்மையான பொலிஸ் பிரிவு ஒன்றைப் பற்றி இத்தொடரை எழுதுவதையும் அவர் விரும்புவதில்லை. பொலிஸாரைப் பொலிஸார் என்று சொல்வதில் ஒப்புமை ஏதும் இல்லை, ஏளனம் மட்டுமே எஞ்சுகின்றது என்பார். இந்த இடத்தில் நான் அவருடன் முழுமையாக உடன்படுவதில்லை. ஏளனம் நியாயமாக உரித்தான சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் அப்போது எழுதுபவர் தாம் செய்வதை அறிந்து எழுத வேண்டும்.

எழுத்து முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இது நிறுவனமொன்றின் பெயரிலிருந்து வந்தது ஆதலால், இரு சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினால் வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக்கல்லைக் காவல் செய்பவர்கள் என்று பொருள்படும். கூட்டத்தைக் குறிப்பதனாற் பன்மை வடிவமே இயல்பானது. வேறொரு பெயருக்கு முன் அடையாக வரும்போதும் அந்தப் பன்மை இறுதியை வெட்டாமல் வைப்பது நல்லது. ‘கொப்’ என்பது பேச்சுவழக்குச் சொல் ஆகையால், கணக்காய்வு அறிக்கையிலும் சங்கத்தின் யாப்பு விதிகளிலும் இதற்கு இடமில்லை. விழா வருணனையிலும் நினைவுக் குறிப்பிலும் தாராளமாக உண்டு. இரண்டாவது சொல்லை ‘சி’ எழுத்தில் தொடங்குவதா ‘கே’ எழுத்தில் தொடங்குவதா என்ற வினாவுக்கு விடை, இரண்டும் வழக்கில் உள்ளன என்பதே. நகைச்சுவை இணையரான அபோட், கொஸ்ரெலோ இருவரும் நடித்து 1955 இல் வெளிவந்த படத்தின் தலைப்பில் ‘கே’ இருக்கின்றது. அந்தப் படத்தில் முதுமையடைந்த செனற்றும் சிறிது நேரம் தோன்றுகிறார். எங்கள் ஆசிரியர் ‘சி’ எழுத்தையே விரும்பினார். மலர்க்குழுவினர் எதனைத் தெரிவுசெய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரிவுசெய்ததை முதற்பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம் வரை பின்பற்றினாற் போதும், ஏனெனில் சென்ற மலரில் ஒரே அறிக்கையில், ஒரே பந்தியில், இரண்டும் இருந்தன.